முத்தல் இலை

எங்கள் லைன் வீட்டுச் சாக்கடை சில வாரங்கள் தலைவலித் தைலம் போல மணந்தது. அந்த மணத்துக்குக் காரணம் நான்தான் என்பதில் எனக்கு அப்போது ஏகப் பெருமை.

அம்மா தேயிலைக் காட்டில் வேலை செய்தாள். அவள் பெயரில் வேலை இருந்ததால்தான் எங்களுக்கு அந்த வீடு. முதுகுவலியில் அவள் முனகும்போதெல்லாம் அப்பா புதிதாக ஒரு திட்டம் சொல்வார். மலை மேலே கியா பார்ம் ஊர்ப் பக்கம் குத்தகை நிலத்தில் தைலப் புதினா போட்டது, அவற்றில் வாயோடு நிற்காத ஒரே திட்டம். ரிங்லெட் ஊரில் தைலம் காய்ச்சும் பாய் எங்கள் இலையை ஏற்றுக்கொண்டால் அம்மா வேலையை விடலாம், டவுனில் வீடு பார்க்கலாம் என்று பேச்சு.

அப்பா கொஞ்ச காலம் தோட்டத்தில் கங்காணியாக இருந்தவர். வேலை போய்விட்டது, மிடுக்கு போகவில்லை. தேயிலையில் கொழுந்துக்குத்தான் மதிப்பு. கூடையில் முத்தல் கிடந்தால் எடைக் கணக்கு எழுதும் கிராணி ஏசுவார். புதினாவுக்கும் அப்பா அதே சட்டத்தைப் போட்டார்.

“கொழுந்த மட்டும் கிள்ளு. முத்தல் ஒண்ணுகூட வரக்கூடாது.”

“பாய்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாமே,” என்றாள் அம்மா.

“எனக்கே எலையப் பத்திச் சொல்றியா? சும்மா கிள்ளுலா.”

தோட்டத்து வேலை முடிந்து வந்து, அம்மா குனிந்து குனிந்து கிள்ளினாள். தப்பி வந்த முத்தல்களைப் பொறுக்கிச் சாக்கடையில் கொட்டுவது என் வேலை. கொட்டி முடித்ததும் கை சில்லென்று இருக்கும். நல்ல இலையைத் தொட்டால் ஏன் அப்படி இல்லை என்று நான் யோசிக்கவே இல்லை.

நாங்கள் அனுப்பிய இலையில் காய்ச்சிய எண்ணெயை ஒரு குப்பியில் எடுத்துக்கொண்டு பாய் வீட்டுக்கே வந்தார்.

“இது தேறாது அண்ணே. ஒரே பச்ச வாடை. நெத்தியில போட்டா சில்லுன்னு இருக்கணும்ல? பிஞ்சு எலையில அந்தக் குளிர்ச்சி ஊறியிருக்காது. எல முத்த முத்தத்தான் வரும்.”

அப்பா கண்ணை இமைக்கவில்லை.

“நான் அப்பவே சொன்னேன் பாய், முத்த விடுன்னு. இவதான் தேயில மாதிரி கிள்ளிப்புட்டா. சொன்னா கேட்டாத்தானே.”

பாய் அம்மாவைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போனார். இன்னொரு தரம் முயன்றால் முதல் தரம் யாரால் கெட்டது என்று ஊரே துருவும் என்று பயந்து அப்பா அந்த வாரமே புதினாவைப் பிடுங்கிவிட்டுக் கோஸ் நட்டார். அம்மா நிமிர முடியாமல் போகும்வரை தேயிலைக் காட்டுக்கே போனாள். “அவசரக்காரி” என்ற பெயரும் லைனில் அவளுக்கே நிலைத்தது. அப்பாவை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

பாயின் முன்னால் அப்பா அப்படிச் சொன்ன அந்த நொடியில், அம்மா என் பக்கம் திரும்பினாள். சாக்கடையில் கொட்டியதற்காக முறைக்கிறாள் என்று பயந்து நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அந்த வீட்டில் தனக்காகப் பேச இன்னொரு வாய் இருக்கிறதா என்றுதான் அவள் பார்த்தாள் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.