ரவியின் விரலும் மாஸ்டரின் இலையும்

போன கிழமை ரவியின் சின்ன விரலை வெட்டினார்கள். வலது கால்.

ரவி என் மனைவியின் தம்பி. வெள்ளவத்தையில் ஒரு சேலைக் கடையில் நிற்கிறான். விடிந்தால் பொழுதுபடும் வரை நின்று பிழைக்கிறவனுக்குக் கால்தானே முதல்? போதாததற்குச் சுகர்.

புதுச் சப்பாத்து காலைக் கடித்தது. சின்னப் புண். அதற்குள் மாஸ்டர் வந்துவிட்டார்.

மாஸ்டர் ரவி வீட்டுக்கு மேல்மாடி. பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவர். பென்ஷன் எடுத்த பிறகு தொடர்மாடி முழுவதற்கும் வைத்தியர் — யாரும் கேட்காமலே! ரயில் பாதை ஓரம் போய்க் குப்பைமேனி பிடுங்கி வந்தார். மஞ்சளோடு அரைத்து, அவரே கட்டியும் விட்டார்.

"மூண்டு நாள். புண் இருந்த இடம் தெரியாது."

ஒன்பதாம் நாள் நான் போனேன். வாசலிலேயே நாற்றம்.

"டொக்டரிட்டக் காட்டினியோடா?"

"இல்லை அத்தான். நாறினால் ஊத்தை கழலுதாம். மாஸ்டர் சொன்னவர்."

"நோகுதோ?"

"இப்ப நோகேல்லை. மருந்து வேலை செய்யுது."

சுகர்க்காரனுக்குப் புண் நோகவில்லை என்றால் அது மருந்தின் வேலையா? கால் மரத்துப் போய்விட்டது, அவ்வளவுதான். இதே ரவி, போன் கண்ணாடி வெடித்த அன்றே நல்ல கடை தேடி ஓடினவன். "கண்டவன் கையில குடுக்கக் கூடாது அத்தான்" என்றவன். போனுக்குத் தொழில் தெரிந்தவன் வேண்டும். காலுக்கு...?

ஓட்டோவில் ஏற்றினேன். ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரித்த டொக்டர் மூக்கைச் சுளித்தார்.

"என்ன இது?"

"ஒண்டுமில்லை டொக்டர்... பச்சிலை."

"இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா, விரலோட நிண்டிருக்காது. கால்."

இலை பாவம். சாக்கடைத் தண்ணீர் குடித்து, தன்பாட்டில் வளர்ந்தது. அதற்குச் சுகர் தெரியுமா, சீழ் தெரியுமா? பிடுங்கினவருக்கல்லவா தெரிந்திருக்க வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் வார்டுக்கு வந்தார். கையில் ஒரு பொட்டலம்.

"வெட்ட விட்டிட்டீங்களே! இது வேற இலை. தையல் கெதியா ஆறும்."

ரவி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினான். நான் பொட்டலத்தைப் பார்க்கவில்லை. அதைப் பிடித்த விரலைப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று பேண்டேஜ்.

"விரலுக்கு என்ன மாஸ்டர்?"

"இலை பிடுங்கேக்க தகரம் வெட்டிப்போட்டுது. பயப்பிடாதையும். உடனயே டொக்டரிட்டப் போய் ஊசி போட்டிட்டன்."

பச்சிலை எப்போதும் அடுத்தவன் புண்ணுக்குத்தான்.