இலையில் வைக்காத பலாச்சுளை

ஏகாம்பரத்தைக் காசிக்குப் போகவிடாமல் தடுத்தவன் நான்தான்.

ஊர் சொல்வதுபோல் விதி அல்ல. அவன் மனைவி நினைப்பதுபோல் கடலும் அல்ல. நான்... என் வாய்!

உங்களால் நம்ப முடியாது. பிள்ளையார்பாளையத்தில் என்னோடு இரண்டு வார்த்தை பேசாமல் போகிறவர் குறைவு. சரிகை வாங்க அடிக்கடி சென்னைப்பட்டணம் போய்வருகிறவன். எழுத்துக்கூட்டித் தானாகவே படிக்கக் கற்றவன். எதற்கும் ஒரு பழமொழி வைத்திருப்பவன். வாய்ப்பந்தல் போட என்னை மிஞ்ச ஆளில்லை. அந்தப் பந்தலின் நிழலில்தான் அவன் வெந்து போனான்.

‘காஞ்சிபுரம் போனால் காலாட்டிச் சாப்பிடலாம்’ என்பார்களே, அப்படிக் குழித்தறியில் காலாட்டியே குடும்பத்தை நடத்தியவன் ஏகாம்பரம். என் வயதுக்காரன், என் சிநேகிதன். அவன் தகப்பனார் சாகும்போது கேட்டது ஒன்றே ஒன்று: கயாவில் தனக்கு ஒரு பிண்டம். “போடுறேன் நைனா” என்று கையடித்துக் கொடுத்துவிட்டான்.

வழி சொன்னவன் நான். கூட்டத்தோடு கூட்டமாக ரயிலில் அடைபட்டுப் போவானேன்? பட்டணத்தில் புகைக்கப்பல் ஏறுவோம், கல்கத்தாவில் இறங்குவோம், அப்புறம் யாருக்கும் கட்டுப்படாமல் நம் இஷ்டப்படி கயா, காசி, பிரயாகை என்று தரைவழியே தங்கித் தங்கிப் போவோம்... எப்பேர்ப்பட்ட திட்டம்!

தறியோரம் கிடந்த சிவப்புப் பட்டிழை ஒன்றை எடுத்து, நான் சொல்லச் சொல்ல ஊருக்கு ஒரு முடிச்சுப் போட்டான் அவன்.

“இன்னாப்பா, பட்டணத்துக்கும் கல்கத்தாவுக்கும் நடுவுல முடிச்சே இல்ல. இம்மா நீளம் சும்மா கெடக்குது?”

“கடல்ல ஊரு ஏதுடா? படுத்து எழுந்தா கல்கத்தா!”

“நீ ஏறியிருக்கியா?”

“ஏறாமலா சொல்றேன்?”

ஏறியதில்லை. கரையில் நின்று வேடிக்கை பார்த்ததோடு சரி!

அவன் மனைவி குப்பம்மாள் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். “அண்ணே, காசிக்குப் போனா புடிச்ச பழம் ஒண்ண வுட்டுட்டு வரணுமாமே. இவருக்குப் பலாப்பழம்னா உசுராச்சே, இன்னாத்த வுடுவாரு?”

“அதையேதான் வுடுவேன்” என்றான் ஏகாம்பரம். “பாவக்காயக் கங்கைக்குக் குடுத்துட்டு வந்து நிக்கறதுக்கு நான் இன்னா உங்கூடப் பொறந்த அண்ணனா?”

மூவரும் சிரித்தோம். ஆனால் அன்று முதல் அவன் பலாச்சுளையைத் தொடவில்லை. “அங்க போயி வுட்டா நாக்கு ஏமாத்தும். இப்பவே பழகிக்கினு இருக்கேன்.”

கப்பல் விசாரிக்கப் பட்டணம் போனேன். துறைமுகத்தில் தெரிந்த மூட்டை தூக்குகிறவன் ஒருவன், “ஏறித்தான் பாரேன் சாமி” என்றான். ஏணிப்படியில் ஒரு காலை வைத்தேன். கரைக்கும் கப்பலுக்கும் இடையே ஒரு முழ அகலத்துக்குக் கறுப்புத் தண்ணீர்... ஏறியது, இறங்கியது. வைத்த காலை இழுத்துக்கொண்டேன். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்று ஊருக்கெல்லாம் சொன்னவன்!

திரும்பி வந்து, “பயமாயிருக்குடா” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? சொல்லவில்லை. கல்கத்தாவில் பேதி என்றேன். அடுத்த வருஷம், கடல் கொந்தளிப்பு என்றேன். அதற்கடுத்த வருஷம் என்ன சொன்னேனோ, எனக்கே மறந்துவிட்டது... பொய் சொன்னவனுக்கு மறந்துபோகும், நம்பினவனுக்கு மறக்குமா?

பிறகு எங்கள் தெருவிலிருந்தே ஒரு கூட்டம் ரயிலில் காசிக்குக் கிளம்பியது. அவனையும் கூப்பிட்டார்கள். என்னிடம் வந்து நின்றான்.

“அவங்களோட போயிட்டு வந்துடட்டுமாப்பா? நைனா கனவுல வர்றாரு.”

‘போய் வா’ என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்?

“மாடு மாதிரி அடைச்சுக்கினு போவாங்க. இத்தினி நாள் பொறுத்துக்கினு இருந்துட்டு, நம்ம கப்பல வுட்டுடுவியா?” என்றேன்.

“சரி. நீ சொன்னா சரிதான்.”

ஏன் அப்படிச் சொன்னேன்? பயத்தை மறைக்கவா? அது மட்டுமல்ல. தெருவே என்னைக் கப்பல்காரர் என்று கூப்பிட்டது. அவன் காசியைப் பார்த்துவிட்டு வந்தால் அதற்குப் பிறகு பேசுகிறவன் அவன், கேட்கிறவன் நான்! அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை... இப்போது சொல்லிவிட்டேன். சொன்னதால் பாரம் குறையும் என்பார்கள். குறையவில்லை.

அப்புறம் அவன் கால்களில் வாதம் இறங்கியது. தறிக்குழியில் இறங்க முடியாதவன் கயாவுக்கு எங்கே போவது? பலாப்பழக் காலம் வரும், போகும். வாசனைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருப்பான். “அடுத்த வருசம் கால் சரியாயிடும்பா. கப்பலு எங்க போயிடும்?” என்பான். அப்படியே போய்விட்டான்.

இந்த ஆனியில் முதல் தெவசம். படையலுக்கு இலை போட்டுவிட்டுக் குப்பம்மாள் என்னைத் தனியே கூப்பிட்டாள். கையில் பலாச்சுளைத் தட்டு.

“அண்ணே, அவருக்குப் புடிச்சதெல்லாம் எலையில வைக்கணும். காசியில வுட்டதுன்னா வைக்கக்கூடாது. இவரு காசிக்குப் போவவே இல்ல. ஆனா வுட்டுட்டாரே! வைக்கட்டுமா, வாணாவா? நாலும் தெரிஞ்சவரு, நீங்கதான் சொல்லணும்.”

உண்மையைச் சொல்ல எனக்குக் கிடைத்த கடைசி வாசல் அது. வை தாயே, அவன் காசியில் எதையும் விடவில்லை, நான்தான் அவனைப் போகவிடவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும்.

“வைக்காதேம்மா” என்றேன். “மனசால காசியில வுட்டது. வுட்டது வுட்டதுதான்.”

அவள் முகம் மலர்ந்ததே... அதை எப்படிச் சொல்வேன்! “அப்ப அவரு போய்ச் சேந்தாருன்னுதானே அண்ணே அர்த்தம்?”

“ஆமாம்மா.”

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். படையல் முடிந்து பந்தியில் உட்கார்ந்தபோது, அந்தத் தட்டை அப்படியே என் இலையில் கவிழ்த்தாள். “வீணாப் போவக்கூடாது. நீங்க சாப்பிடுங்க. நீங்கதான் எதையும் வுடலியே.”

தின்றேன்.

இனித்தது!