நீல மூக்குக் கிளிகள்

பாளையம்பட்டியில் ஒரு மிளகாய் வியாபாரி வீட்டுக்கு நான் வாழ்க்கைப்பட்ட இரண்டாம் வருசம். எண்பதுகளின் கடைசி. திருச்சுழியில் ஒரு அரசு ஆபீசில் டைப்பிஸ்ட் வேலைக்கு எனக்கு ஆர்டர் வந்தது. அடுத்த மாசக் கடைசிக்குள் போய்ச் சேரணும். மாமியாரிடம் நீட்டினேன். "யோசிப்போம்" என்று மடித்து பீரோவில் வைத்துவிட்டார்கள். வீட்டுக்காரரைக் கேட்டால், "அதான் அம்மா யோசிக்கிறாகள்ல" என்கிறார். நாளோ ஓடுது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

வாரப் பத்திரிகை ஒன்றில் வாசகியர் குறை சொல்லும் பக்கம் இருந்தது. ஆர்டர் பீரோவில் தூங்குவதை அதற்கு எழுதிப் போட்டேன். பெரிய துப்பறியும் புலி மாதிரி மிளகாய்க் கடையை ஜவுளிக்கடை ஆக்கினேன். திருச்சுழி என்று வாயே திறக்கவில்லை. கீழே "பெயர் சொல்ல விரும்பாத மருமகள், சென்னை". அருப்புக்கோட்டை வரை பஸ்ஸில் போய்த் தபாலில் சேர்த்தேன்.

எழுதும்போது கோபம் சும்மா இருக்குதா? டிவிப் பெட்டியின் ஷட்டரைப் பூட்டி மாமியார் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வதை எழுதினேன். அந்தப் பெட்டிக்கு நான் கிளி எம்பிராய்டரி போட்டுத் தைத்த உறையில் சிவப்பு நூல் தீர்ந்துபோய்க் கிளிகளுக்கு நீல மூக்கு வைத்ததையும், வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டி மாமியார் சிரிப்பதையும் விடாமல் எழுதினேன்.

எங்கள் தெருவில் டிவி இருந்ததே எங்கள் வீட்டில்தான். வெள்ளிக்கிழமைப் பாட்டுக்குத் தெருவே வந்து அந்தக் கிளிகளுக்கு முன்னால்தான் உட்காரும். பத்திரிகையும் தெருவுக்கு ஒன்றுதான். ஒரு வீட்டில் வாங்கி எட்டு வீடு வாசிக்கும். எங்களுக்கு ஏழாவது முறை.

என் கடுதாசி அச்சில் வந்த வாரம் குழாயடியில் எதிர்வீட்டு அக்கா கேட்டாள்: "ஏத்தா, சென்னைக் கிளிக்கும் மூக்கு நீலந்தானா?"

எனக்கு உசிரே போயிருச்சு. அட கூறுகெட்டவளே, ஊரை மறைச்சவ மூக்கை மறைச்சியா! மாமியாருக்குத் தெரிந்தால் வேலை போச்சு. பத்திரிகை வீடு வந்ததும் அரிசி டிரம்முக்குள் ஒளித்தேன். அன்றைக்கு அரிசி அளந்தது மாமியார்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுசும் வாசித்தார்கள். மடித்து எட்டாவது வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்கள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

வெள்ளிக்கிழமை தெரு கூடியது. ஒரே கமுக்கச் சிரிப்பு. மாமியார் சாவியை எடுத்தார்கள், உறையை விலக்கி ஷட்டரைத் திறந்தார்கள். திரும்பி நின்று, "சென்னையில ஒரு மருமக எழுதியிருக்கா, எல்லாரும் வாசிச்சீகளா?" என்றார்கள். சிரிப்பு அடங்கிவிட்டது. "அவ மாமியா வேணாம்னா சொன்னா? பொம்பளப்பிள்ளை தனியா பஸ்ஸுல போய் வாரதுக்குத் தொணை யாருன்னு விசாரிச்சுக்கிட்டு இருந்திருப்பா. நம்ம எதிர்வீட்டுக்காரிக்கு அக்கா மக திருச்சுழியிலதான டீச்சரு? அப்படி ஒரு தொணை கெடைக்காமலா போகும்!" எதிர்வீட்டு அக்கா வாயைப் பிளந்தாள்.

என்னை ஒருதரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. சென்னை மருமகளைச் சென்னையிலேயே வைத்துப் பேசி முடித்தார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. பாட்டு ஒன்றும் காதில் ஏறவில்லை.

திங்கட்கிழமை காலை டீச்சர் வாசலில் வந்து நின்றாள். மாமியார் என் கையில் பீரோவில் இருந்த ஆர்டரையும் சாப்பாட்டுத் தூக்கையும் கொடுத்தார்கள். கூடவே ஒரு சிவப்பு நூல்கண்டு.

"அடுத்த கடுதாசி போடுறதுக்கு முன்னாடி மூக்கை மாத்திரு."