கடல் மட்டத்துக்குக் கீழே ஒரு ரயில் நிலையம்

எஸ்கலேட்டர் ஓடும் சத்தத்தைக் கவனித்திருக்கிறீர்களா? இரும்புப் பற்கள் எதையோ மென்றுகொண்டே போவது போல ஒரு முனகல்... போன வாரம் தூத்துக்குடி துணிக்கடை ஒன்றில் அதைக் கேட்டதும் எனக்கு நேப்பிள்ஸ் ஞாபகம் வந்துவிட்டது.

நேப்பிள்ஸுக்கு நான் போனதே இல்லை. பார்த்ததெல்லாம் அந்தோணியின் செல்போனில்தான்.

அந்தோணி என் பள்ளித் தோழன். சரக்குக் கப்பலில் இன்ஜின் ரூம் வேலை. எத்தனையோ நாட்டுத் துறைமுகங்களில் இறங்கியிருக்கிறான். ஆனால் அவன் போனில் ஒரு கோபுரம் கிடையாது, ஓர் அரண்மனை கிடையாது. எல்லாம் மெட்ரோ ஸ்டேஷன்!

கப்பல்காரனுக்குக் கரையில் கிடைப்பது சில மணி நேரம். ஊரைப் பார்க்கலாம் என்று மெட்ரோ பிடிப்பான். ஊர் வருவதற்குள் திரும்புகிற நேரம் வந்துவிடும். அப்படித்தான் ஸ்டாக்ஹோமில், குடைந்த பாறையை அப்படியே விட்டு அதன்மேல் நீலத்தில் கொடிகளை வரைந்து படரவிட்ட ஸ்டேஷனைப் பார்த்தான். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் கண்ணாடித் தூண்களைப் பார்த்தான். நேப்பிள்ஸில் மட்டும் ஸ்டேஷனை விட்டு வெளியே வரவே அவனுக்கு மனமில்லை.

அந்த வீடியோவை அவன் வீட்டில் வைத்துக் காட்டினான். எஸ்கலேட்டர் இறங்குகிறது. சுவர் முதலில் மண்ணின் மஞ்சள். இன்னும் இறங்கினால் – கடல் மட்டத்தைத் தாண்டுகிற இடத்தில் – நீலம்! சின்னச் சின்ன மொசைக் கற்கள், இறங்க இறங்க அடர்ந்துகொண்டே போகும் நீலம். தலைக்கு மேலே கிணற்று வாய் போல ஒரு பெரிய திறப்பு. தெருவில் அடிக்கும் வெயில் அதன் வழியே அடியாழம் வரை விழுகிறது. கோட்டுப் போட்ட ஒருவர் போனைப் பார்த்தபடியே அந்த வெளிச்சத்தைக் கடந்து போகிறார்...

எனக்கு மூச்சு விட மறந்துவிட்டது. ஆபீசுக்கு ரயில் பிடிக்கப் போகிறவனுக்காக யாரோ கடலடியைக் கட்டி வைத்திருக்கிறார்கள்! டூர் கம்பெனி நோட்டீஸில் இது ஏன் இல்லை? சுற்றுலா என்றால் ஏன் எப்போதும் அண்ணாந்தே பார்க்கிறோம்?

"ஏலே, ஊரைப் பாக்கவே இல்லையா?" என்றேன்.

"ஊருக்கு அடியில பாத்தேம்லா, போதாதா?"

அவன் மனைவி ஸ்டெல்லா காபியோடு வந்தாள். "அண்ணே, ஒலகம் சுத்துன மனுசன் டேசன் டேசனாப் படம் புடிச்சிட்டு வந்திருக்காவ. நீங்களும் வாயைப் பொளந்து பாக்கியளே!"

ஸ்டெல்லா இப்போது பங்குக் கோயில் குழுவோடு இத்தாலிக்கு யாத்திரை போகிறாள். நேப்பிள்ஸில் ஒரு மதியம் அவர்களுக்கு ஓய்வு. அந்தோணியால் கூடப் போக முடியாது, அதே வாரம் அவன் கப்பலேற வேண்டும்.

"கல்யாணம் ஆனதுல இருந்து நான் பாத்ததுல ஒண்ணையும் இவ பாத்ததில்லலே. இந்த ஒண்ணையாவது பாத்திரணும்" என்றான். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

ஒரே சிக்கல். ஸ்டெல்லாவுக்கு எஸ்கலேட்டர் என்றால் நடுக்கம். முன்பு ஒருமுறை சேலை மாட்டிக்கொண்டதிலிருந்து அதன் பக்கமே போவதில்லை. அதனால்தான் துணிக்கடை!

படியேறி மாடிக்குப் போனோம். இறங்குவதற்குத்தான் பயிற்சி. அந்தோணி முதலில் கால் வைத்து, திரும்பி நின்று கையை நீட்டினான். "ஏளா, வா, ஒண்ணும் ஆவாது." அவள் காலை நீட்டினாள், இழுத்துக்கொண்டாள். நீட்டிய கை நீட்டியபடியே அவன் கீழே போய்ச் சேர்ந்தான். மறுபடி படியேறி ஓடி வந்தான். மறுபடி கை. மறுபடி தனியாகக் கீழே!

பின்னால் பைகளோடு கூட்டம். "எக்கா, நீங்க எறங்குதியளா, நாங்க எறங்கட்டுமா?" என்றது ஒரு குரல்.

"ஒங்க நேப்பிள்ஸும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நான் பஸ்லயே உக்காந்துக்கிடுதேன்" என்றாள் ஸ்டெல்லா.

மூச்சிரைக்க மேலே வந்த அந்தோணி சரி என்று தலையை மட்டும் ஆட்டினான். அந்தத் தலையாட்டலை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஸ்டெல்லாவின் அப்பா சங்கு குளித்தவர். தோணி விளிம்பில் நின்று சிலுவை போட்டுக்கொள்ளாமல் அவர் தண்ணீரில் இறங்கியதே இல்லை என்று அவள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

கொசுவத்தைத் தூக்கிச் செருகினாள். அத்தனை பேர் முன்னாலும் நெற்றி, மார்பு, தோள் தொட்டுச் சிலுவை போட்டாள். மூச்சை இழுத்துப் பிடித்தாள். இறங்கினாள்!

அந்தோணி பின்னாலேயே ஓடினான். கீழே போய் நின்ற பிறகுதான் அவள் மூச்சை விட்டாள். சுற்றும் முற்றும் பார்த்தாள். "எங்க நீலம்? இங்கன வெறும் நைட்டியாத்தான தொங்குது!"

கடையே சிரித்தது. அந்தோணி மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

விமானம் பிடிக்க நேற்று அவளைச் சென்னை ரயிலில் ஏற்றிவிடப் போனோம். கப்பலுக்குக் கிளம்பும்போதெல்லாம் அந்தோணி அவளிடம் சொல்வது ஒன்று உண்டு – நான் மறைகிற வரை நின்று பார்க்காதே, நீ முதலில் திரும்பிவிடு. இத்தனை வருடமும் வழியனுப்பியது அவள். நேற்று பிளாட்ஃபாரத்தில் நின்றது அவன்... கையை எங்கே வைப்பதென்று தெரியாமல்.

ரயில் நகர்ந்தது. ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து ஸ்டெல்லா சத்தமாகச் சொன்னாள்:

"பாத்துக்கிட்டே நிக்காதீய. திரும்பி வீட்டுக்குப் போங்க. நான் எறங்கிப் பாத்துட்டு வாரேன்!"