கேட்டால் என்ன குறைந்துவிடும்?

நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் மல்வேர்னில் பக்கத்து வீட்டு அஸீஸாவிடம் பஸ்ஸில் அகப்பட்டால் தப்ப முடியாது. என்ன வேலை, எத்தனை பிள்ளைகள், பையிலிருக்கும் மீனை எங்கே வாங்கினீர்கள், எல்லாம் கேட்டுவிடுவார். கணவர் பதியுதீனுக்கு மானம் போகும். டைல்ஸ் பதிக்கிற அந்த மனிதர் யாரிடமும் வழிகூடக் கேட்கமாட்டார். “கேட்டா என்ன, கொறஞ்சா போயிரும்?” என்பார் அஸீஸா.

இந்தக் கோடையில் மகள் ஸில்மியாவுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அரசாங்க உதவிக்கு விண்ணப்பிப்போமா என்று அவள் கேட்டதும் பதியுதீன் ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

“அது லோன். வட்டிக் காசு நம்மட வூட்டுக்குள்ள வராது.”

அஸீஸாவுக்கும் அதில் மறுபேச்சில்லை. ஒரு வருஷம் வேலை செய்துவிட்டுப் படிக்கிறேன் என்றாள் மகள். மூத்தவன் றிஸானும் பதினெட்டு வயதில் அப்படித்தான் சொன்னான். நாலு வருஷமாக டெலிவரி வேன் ஓட்டுகிறான்.

அந்த நினைப்பு அஸீஸாவைக் குடைந்துகொண்டே இருந்தது. கல்லூரியின் அறிமுக நாளுக்கு மகளோடு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். பழைய புத்தகம் எங்கே மலிவு, மாதக் கட்டணம் இல்லாத வங்கிக் கணக்கு உண்டா, வீட்டில் ஏற்கெனவே மருத்துவக் காப்புறுதி இருந்தால் கல்லூரியின் காப்புறுதியை வேண்டாம் எனலாமா என்று கண்ணில் பட்டவரையெல்லாம் பிடித்தார். ஸில்மியா ஒரு தூணுக்குப் பின்னால் நின்றாள். நானும் கொஞ்சம் தள்ளித்தான் நின்றேன்.

கடைசியில் பண உதவி மேசையில் இருந்த இளம் தமிழ்ப் பெண் ஜெசிகாவிடம் போனார்.

“மகளே, வட்டி இல்லாத உதவி ஒண்டும் இல்லையா?”

“இருக்கு அன்ரி. அதே அப்ளிகேஷன்தான். அதில கிராண்ட் எண்டு ஒரு பங்கு வரும், திருப்பிக் கட்டத் தேவையில்லை. லோன் வேண்டாம், கிராண்ட் மட்டும் போதும் எண்டு சொல்லலாம். எவ்வளவு கிடைக்கும் எண்டது உங்கட வருமானத்தைப் பொறுத்தது.”

எனக்குச் சந்தோஷத்தைவிடக் கோபம்தான் வந்தது. இந்த ஒரு கேள்வியை நாலு வருஷமாக நாங்கள் ஒருவரும் கேட்கவில்லையே.

வீட்டில் பதியுதீன் எங்களை அதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். பிறகு எழுந்துபோய் யன்னலால் றிஸானின் வேனைப் பார்த்தார்.

“நாளைக்கு அந்த மேசைக்கு நானும் வாறன்” என்றார்.

“எதுக்கு?” என்றார் அஸீஸா.

“இருவத்திரெண்டு வயசுக்காரனுக்கும் குடுப்பாங்களா எண்டு கேக்கணும்.”