மாமா மடியில எடுக்காம விட்ட போட்டோ

அந்த மாமாவோட புதுச் சட்டைக் காலருக்குள்ள கம்பெனியில வெக்கிற அட்டை அப்படியே இருந்துச்சு... அதான் முதல்ல என் கண்ணுல பட்டது.

ரெண்டு வருசம் பனியன் கம்பெனியில செக்கிங் டேபிள்ல நின்னவளாச்சே, இதெல்லாம் பட்டுனு தெரியும். ஆனா அவர்கிட்டப் போய்ச் சொல்ல வாய் வரல.

அப்ப எனக்குப் பதினேழு வயசு. ஒன்பதாவதோட படிப்பு நின்னுபோச்சு. கம்பெனிப் பஞ்சு மூச்சுக்கு ஒத்துக்கலன்னு கம்பெனிக்குப் பக்கத்துல இருக்கற ராயபுரத்துல ஒரு ஸ்டூடியோவுல ஆல்பம் ஒட்டப் போனேன். கொஞ்ச நாள்ல லைட் பிடிச்சேன். அப்புறம் ஸ்டூடியோ அண்ணன் கேமராவைத் தொட விட்டார். ஃபிலிம் ரோல் காலம்.

ஒரு முகூர்த்த நாள்ல அண்ணனுக்கு ரெண்டு ஆர்டர். கல்யாணத்துக்கு அவர் போனார். சேவூர்ல காதுகுத்து, அதுக்கு நான். முதல் தடவையா தனியா.

வாசல்லயே ஒரு பெரியவர், "ஏம்புள்ள, நீ காமிராவத் தூக்கிட்டு வந்தியா, காமிரா உன்னையத் தூக்கிட்டு வந்துச்சா?"ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.

குழந்தையோட அம்மா என்னைத் தனியாக் கூப்பிட்டுப் போனாங்க.

"கண்ணு, தோட்டத்துக்குப் போற வழித்தடத்துக்குச் சண்டை போட்டுட்டு எங்கண்ணன் நாலு வருசமா எங்கூட்டுப் படி ஏறலை. இன்னைக்கித்தான் வந்திருக்குது. மத்ததெல்லாம் எப்படியோ எடு. எங்கண்ணன் மடியில பையன் உக்காந்திருக்கறத மட்டும் உட்றாத சாமி."

தலையாட்டினேன்.

நேரம் வந்துச்சு. மாமா பாயில உக்காந்தார். மொட்டைத் தலையில சந்தனம் பூசின பையன் மடியில. ஆசாரி கம்பியை எடுத்ததும் மொத்தக் கூட்டமும் சுத்தி நின்னுடுச்சு. "ஏனுங் மாப்ள, பையன் அழுவானா நீங்க அழுவீங்களா?"ன்னு ஒரே கிண்டல். நான் எல்லாருக்கும் பின்னாடி.

கொஞ்சம் தள்ளுங்கன்னு சொல்லணும். அவ்வளவுதான்.

எங்க வீட்ல விருதுநகர்ப் பேச்சு. அதுல சொன்னா இவங்களுக்கு மரியாதை இல்லாத மாதிரி ஆயிருமோ... இந்த ஊர் மாதிரி சொன்னா சிரிப்பாங்களோ... இப்படி யோசிச்சுக்கிட்டே இருந்தேன். பையன் வீல்னு கத்தினான். கேமராவைத் தலைக்கு மேல தூக்கி ரெண்டு கிளிக் அடிச்சேன்.

அப்பவும் கெட்டுப்போகல. அதான் இன்னைக்கும் மனசுல நிக்குது. ஸ்டூடியோ அண்ணன் மிஸ் பண்ணினா சத்தமா, "ஆசாரி, கம்பிய இன்னொருக்கா காதுகிட்ட வெய்ங்க, மாமா இங்க பாருங்க"ம்பார். அவங்களும் சிரிச்சிட்டே வெப்பாங்க. ரோல்ல ஃபிலிம் இருந்துச்சு. மாமாவும் எழுந்திருக்கல, துண்டால பையன் கண்ணைத் துடைச்சுக்கிட்டு இருந்தார்.

நான் பாத்துக்கிட்டே நின்னேன். அவர் எழுந்து, பையனைத் தங்கச்சி கையில குடுத்து, பந்தியில கூட உக்காராம கிளம்பிட்டார். அந்த அம்மா கேட் வரைக்கும் பின்னாடியே ஓடினாங்க.

பிரிண்ட் வந்ததும் அண்ணன் ஒவ்வொண்ணா மேசையில வெச்சார்.

"ஏம்மா, சேவூர்ல இருக்கற முதுகையெல்லாம் எடுத்துட்டு வந்திருக்கே. மாமன் எங்கே?"

ஒரே ஒரு படத்துல ரெண்டு பேர் இடுப்புக்கு நடுவுல வெள்ளை வேட்டி முழங்கால் தெரிஞ்சுது. அது மேல பையனோட ஒரு பாதம்.

ஆல்பம் வாங்க வந்த அம்மா அந்தப் படத்துல நின்னுட்டாங்க. அண்ணனைக் கேட்டாங்க, "இதப் பெருசாப் போட்டா மூஞ்சி தெரியுங்களா?"

"தெரியாதுங்க"ன்னார் அண்ணன்.

என்னைப் பாத்து, "பரவால்ல கண்ணு, கூட்டம். நீ என்ன பண்ணுவே"ன்னாங்க. திட்டியிருந்தா தேவலைன்னு இருந்துச்சு. அந்த மாமா அப்புறம் அவங்க வீட்டுக்கு வந்தாரான்னு தெரியாது. கேக்க தைரியமும் இல்ல.

இப்பல்லாம் காது குத்தறதுக்கு முன்னாடியே மாமா மடி போட்டோ முடிஞ்சிடுது. எடுத்த உடனே ஸ்கிரீன்ல பாக்கறாங்க, "இன்னொண்ணுங்க்கா, கண்ணு மூடிட்டேன்"னு அவங்களே திரும்ப உக்காந்துக்கறாங்க. எத்தனையோ மாமாக்களை எடுத்துட்டேன்... அந்த ஒருத்தர் முகம் மட்டும் எந்த ஆல்பத்துலயும் இல்ல.

அன்னைக்கு அந்த அம்மா ஆல்பம் வாங்கிட்டுப் போனதும், ஸ்டூடியோ அண்ணன் இனிமே என்னைத் தனியா அனுப்ப மாட்டார்னுதான் நெனச்சேன். அடுத்த ஞாயித்துக்கிழமை அவிநாசிப் பக்கம் இன்னொரு காதுகுத்து. அண்ணன் ஃபிளாஷுக்குப் புது பேட்டரி போட்டு என் கையில குடுத்தார்.

அங்க பாய் விரிச்ச உடனே, ஒருத்தரும் வர்றதுக்கு முன்னாடி, ஷாலை இழுத்து இடுப்புல முடிஞ்சுக்கிட்டு பாய்க்கு நேர் எதிர்ல வெறுந்தரையில உக்காந்துட்டேன்.