ஐம்பத்து மூன்று மணியில் ஒரு பிழை

நெஞ்சு படபடக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் மார்பில் கம்பிகளை ஒட்டிப் பார்த்துவிட்டு, இருதயம் நன்றாக இருக்கிறது, இது பயத்தால் வருவது என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. முப்பது வருடம், விடியுமுன்னே ரப்பர் காட்டுக்குள் தனியாகப் போய்ப் பால் வெட்டியவள் நான். பாம்பை மிதித்துவிட்டு, அதன்பிறகும் மிச்ச மரங்களை வெட்டி முடித்துத்தான் வீட்டுக்கு வந்திருக்கிறேன். எனக்குப் பயமாம்.

ஆனால் அவர் சொன்னது பொய்யில்லை. போன வருடம் மிளகு பறிக்க ஏறிய ஏணியிலிருந்து வீட்டுக்காரர் விழுந்தார். கை மட்டும்தான் பிசகியது. அன்றிலிருந்து, நான் கூப்பிட்டு அவர் உடனே பதில் சொல்லாவிட்டால் என் நெஞ்சு ஓடத் தொடங்கிவிடும். டாக்டரிடம் இதை நான் சொல்லவில்லை. சொல்கிற விஷயமா அது?

சின்னக் குளுசை கொடுத்தார்கள், காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. அது நெஞ்சின் ஓட்டத்தை மெதுவாக்குமாம். அக்கம்பக்கத்தில் பிரஷருக்குக் குடிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டேன். கிளினிக்கில் இருந்த நர்ஸ் மிஸ்ஸி, நாடி பார்க்கும் இடத்தில் என் விரலைப் பிடித்து வைத்துக் காட்டினார்.

"கடிகாரத்துல செவப்பு முள்ளு ஒரு சுத்து சுத்துறதுக்குள்ள எத்தன தரம் துடிக்குதுனு எண்ணுங்க அம்மா. அம்பதுக்குக் கொறஞ்சா குளுசையப் போடாம நேரா இங்க வாங்க. எண்ணத் தெரியுந்தானே?"

தெரியும் என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.

வீட்டில் உட்கார்ந்து பார்த்தால்தான் கஷ்டம் தெரிந்தது. முள்ளையும் பார்க்க வேண்டும், துடிப்பையும் பிடிக்க வேண்டும், எண்ணிக்கையும் தவறக்கூடாது. முப்பதைத் தாண்டினால் மூன்றில் ஒன்று நழுவிவிடும். யாரிடமும் கேட்க மனமில்லை. அப்போதுதான் செபமாலை ஞாபகம் வந்தது. ஐம்பத்து மூன்று மணிச் செபம் என்றுதானே சொல்கிறோம். சிலுவைப் பக்கம் தொங்குகிற வாலில் மூன்று. அதைக் கழித்தால் வட்டத்தில் ஐம்பது. பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு முடிந்தவள் இந்தக் கணக்கைத் தானே போட்டேன் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு துடிப்புக்கு ஒரு மணி. முள் சுற்றி வருவதற்குள் வட்டம் முடிந்தால் குளுசை போடலாம்.

முதல் இரண்டு வாரமும் வட்டம் முடிந்தது. பிறகு ஒரு காலை, முள் மேலே வந்தபோது இரண்டு மணி மிச்சம் இருந்தது. திரும்ப எண்ணினேன். அதே இரண்டு மணி.

குளுசையைப் பேப்பர் உறைக்குள்ளேயே போட்டுவிட்டேன். அன்றோடு குளுசையையும் எண்ணுவதையும் விட்டேன், ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை. போனால் வார்ட்டில் படுக்க வைப்பார்கள். இந்த மனிதருக்குத் தேத்தண்ணி ஊற்றக்கூடத் தெரியாது. நெஞ்சு கொஞ்சம் கொஞ்சமாக நின்றுகொண்டு வருகிறது என்றே நம்பினேன். அதனால் மறுநாள் அவரை அடுப்படிக்குக் கூப்பிட்டு, தேயிலை எவ்வளவு, சீனி எந்த டப்பாவில், கேஸை எந்தப் பக்கம் திருகி மூடுவது என்று காட்டிக்கொடுத்தேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஏன் புள்ள, எங்கயும் பயணம் போறியா?" என்றார். ஆம்பிளைக்கும் நாலு வேலை தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள், காலை பத்து மணி இருக்கும். அவர் முற்றத்தில் சாக்கு விரித்து மிளகு காயவைத்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டேன். பதில் இல்லை. குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்திருக்கிறார், தண்ணீர்ச் சத்தத்தில் கேட்கவில்லை. அதற்குள் என் நெஞ்சு குதிரைபோல் ஓடியது. வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வந்து பார்த்தவர் ஈரக் கையோடு என் தோளைப் பிடித்தார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், ஏணியைத் தவிர.

அவர் ரப்பர் ஸ்டோரில் ஷீட் எண்ணி அடுக்கியவர். மாலையை வாங்கி மணி மணியாகத் தள்ளிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நடுவுல நடுவுல இருக்குற பெரிய மணி?"

"அதுக்கென்ன?"

"அது பரலோக மந்திர மணி புள்ள. அம்பத்து மூணுல அது சேராது. அந்த நாலையும் சேத்தா வட்டத்துல அம்பத்து நாலு."

அறுபது வருடமாக உருட்டுகிற மாலை. இரண்டு மணி மிச்சம் என்றால் ஐம்பத்திரண்டு. குறையவே இல்லை. அவர் சிரிப்பார் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. "அதுக்குத்தான் தேத்தண்ணி பழக்குனியா?" என்று மட்டும் கேட்டார்.

உடனே சேர்ட்டை மாற்றிக்கொண்டு என்னைப் பஸ்ஸில் கூட்டிப்போனார். டாக்டர் மறுபடியும் கம்பி ஒட்டிப் பார்த்தார். தலை சுற்றுகிறதா, மயக்கம் வருகிறதா என்று கேட்டார். இல்லை. இந்தக் குளுசைக்கு ஐம்பத்திரண்டு உங்களுக்குப் பரவாயில்லை, ஆனால் கேட்காமல் சட்டென்று நிறுத்தியதால்தான் நெஞ்சு இப்படி ஓடியிருக்கிறது என்று விளங்கப்படுத்தினார். ஏசவில்லை. மிஸ்ஸிதான் கொஞ்சம் ஏசினார். எனக்கு அது தேவைதான்.

இப்போது காலையில் தேத்தண்ணி அவர் ஊற்றுகிறார். சீனி அள்ளிப் போடுகிறார், நானும் குடிக்கிறேன். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்து எண்ணுவார். கல்யாணத்தன்று கோயிலில் பிடித்த கை. அதற்குப் பிறகு சும்மா உட்கார்ந்து அவர் என் கையைப் பிடித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

அவர் எழும்புமுன் நான் மாலையை வைத்து எண்ணிப் பார்ப்பதுண்டு, பெரிய மணிகளைத் தாண்டிவிட்டு. ஐம்பத்து மூன்று வரும். அவர் எண்ணினால் ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது.

"நீ இன்னும் பிழையாத்தான் எண்ணுற" என்கிறார்.

ஏன் கூடுகிறது என்று எனக்குத் தெரியும். எண்ணத் தெரியாதவள் என்று அவர் நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.